பேஸ்லைன் கிரிட் போட்டால் தமிழ் வரிகள் மட்டும் இரட்டிப்பு இடைவெளி ஆகின்றன. ஏன்?

மஸ்கெலியா டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பாடசாலையின் ஆண்டு மலரை இந்த முறை நானே இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்துகொண்டிருக்கிறேன். ஐ.சி.டி. (கணினிப் பாடம்) படிப்பிக்கிற ஆள் என்றால் மலர், அழைப்பிதழ், சான்றிதழ் எல்லாம் நம் தலையில்தான் வந்து விழும் என்பது இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். ஏ4 அளவு, இரண்டு பத்தி (நிரல்), நடுவில் பின் அடிக்கிற புத்தகம். 48 பக்கத்துக்குத்தான் விலை கேட்டு வைத்திருக்கிறோம்.

முதல் மாதிரியை ஹட்டனில் ஓர் அச்சகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். அங்கே இருந்த அண்ணன் ஒன்றும் பேசாமல் அடிமட்டத்தை எடுத்துப் பக்கத்தின் குறுக்கே வைத்தார். இரண்டு பத்தியும் மேலே ஒன்றாகத்தான் தொடங்குகின்றன. இடது பத்தியில் ஓர் உபதலைப்பு வந்ததும் வரிகள் கொஞ்சம் இறங்கிவிடுகின்றன. அதற்கப்புறம் கடைசி வரை சேரவே இல்லை. "பேஸ்லைன் கிரிட் போட்டுக்கொண்டு வாங்க டீச்சர்" என்றார். வரிகள் உட்காருவதற்குச் சம இடைவெளியில் போடுகிற கோடுகள் என்பது தெரியும், எப்படிப் போடுவது என்று கேட்பதற்குள் கல்யாணக் கார்டுக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள்.

வீட்டில் எல்லா எழுத்தையும் தெரிவு செய்து 'அலைன் டு பேஸ்லைன் கிரிட்' பொத்தானை அழுத்தினேன். வரிகள் நேராகிவிட்டன, உண்மைதான். ஆனால் தமிழ் வரிகளுக்கு நடுவே இன்னொரு வரியே எழுதலாம் போல இடைவெளி. கட்டுரைகள் எல்லாம் பெட்டியை விட்டு வழிகின்றன. இப்படியே போனால் 48 பக்கம் கனவுதான். வேடிக்கை என்னவென்றால், ஆங்கில ஆசிரியர் எழுதிய பக்கம் மட்டும் அசையவே இல்லை.

தமிழுக்கு நோட்டோ செரிப் தமிழ் 11 பொயின்ட், ஆங்கிலத்துக்கு 10. லீடிங்கை (ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் உள்ள தூரம்) நான் தொடவே இல்லை, அடைப்புக்குறிக்குள் தானாக வருகிற எண்தான். வலயக் கல்விப் பணிமனையிலிருந்து சிங்களத்தில் ஒரு வாழ்த்துச் செய்தியும் இருக்கிறது. சில கட்டுரைகள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் வந்து, யுனிகோடுக்கு மாற்றியவை. தமிழ் எழுத்துருவில்தான் கோளாறா? கிரிட் எல்லாம் ஆங்கிலத்துக்கு மட்டும்தானா?


டிக்கோயா அச்சுக்காரர்:

டீச்சர், எழுத்துருவில் ஒரு கோளாறும் இல்லை. உங்கள் கிரிட் 12 பொயின்டில் நிற்கிறது, உங்கள் தமிழ் 13.2 கேட்கிறது. விஷயம் இவ்வளவுதான்.

லீடிங்கைத் தொடாமல் விட்டால் இன்டிசைன் எழுத்தின் அளவில் 120 வீதத்தை எடுத்துக்கொள்ளும். அடைப்புக்குறிக்குள் நீங்கள் பார்த்த எண் அதுதான். ஆங்கிலம் 10 என்றால் சரியாக 12 வரும். கிரிட்டும் இயல்பாகவே 12இல் இருப்பதால் ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு கோட்டில் போய் உட்கார்ந்துவிட்டது. அதனால்தான் அந்தப் பக்கம் அசையவில்லை. தமிழ் 11 என்றால் 13.2. முதல் வரி ஒரு கோட்டில் நிற்கிறது, அடுத்த வரிக்குக் குறைந்தது 13.2 வேண்டும், 12இல் இருக்கிற கோடு போதாது. மஸ்கெலியா பஸ் ஒரு நிமிடத்தில் தவறிப் போனால் அடுத்த பஸ்ஸுக்கு நின்றே ஆக வேண்டும் அல்லவா, அந்த மாதிரி 1.2 பொயின்டில் தவறிய வரி 24 வரை போய்த்தான் நிற்கும். இடையில் நிற்க அதற்கு இடமில்லை.

ஆகவே கிரிட்டைத் தமிழுக்கு ஏற்ப மாற்ற வேண்டும். எண்ணைச் சொல்வதற்கு முன் ஒரு விஷயம். 11க்கு 13.2 என்பதே தமிழுக்குப் போதாது. மேல் வரியில் 'கூ', 'மூ', 'ழு' என்று கீழே இறங்குகிற எழுத்து ஒன்று, அதற்கு நேர் கீழே 'ங்', 'ர்', 'கி' என்று மேலே ஏறுகிற எழுத்து ஒன்று வந்தால் மேல் வரியின் வாலும் கீழ் வரியின் தலையும் இடித்துக்கொள்ளும். ஆங்கிலத்திலும் மேலே கீழே போகிற எழுத்துகள் உண்டு, ஆனால் தமிழில் புள்ளி இல்லாத வரியே கிடையாது. நான் உடம்பு எழுத்துக்கு (கட்டுரையின் சாதாரண எழுத்து) 140 வீதத்துக்குக் குறைய வைப்பதில்லை. 2023இல் மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து 200 ஆண்டு என்று 'மலையகம் 200' பெயரில் வந்த மலர்களில் கையில் கிடைத்தவற்றைப் புரட்டிப் பார்த்தேன். நல்ல கட்டுரைகள் இருந்தன, ஆனால் சில பக்கங்களில் வரிகளை அப்படி நெருக்கியிருந்தார்கள், கண் அடுத்த வரியைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

48 பக்கக் கணக்கு உங்களுக்கு இருப்பதால் எழுத்தை 10.5 ஆக்குங்கள், லீடிங் 15. அரைப் பொயின்ட் குறைந்ததை ஒரு பெற்றோரும் கண்டுபிடிக்க மாட்டார். இனிக் கிரிட். எடிட் மெனுவில் பிரிபரன்சஸ், அதில் கிரிட்ஸ். பேஸ்லைன் கிரிட் என்ற பகுதியில் 'இன்கிரிமென்ட் எவ்ரி' 15 பொயின்ட், 'ஸ்டார்ட்' 0, 'ரிலேட்டிவ் டு' என்ற இடத்தில் டொப் மார்ஜின். இந்த மலரைத் திறந்து வைத்துக்கொண்டே மாற்றுங்கள், அப்போதுதான் மாற்றம் இதில் பதியும். எதுவும் திறக்காமல் மாற்றினால் இனிமேல் தொடங்குகிற புதிய கோப்புகளுக்குத்தான் போகும்.

பக்கத்தின் உயரத்தையும் 15இன் மடங்காக்கிவிடுங்கள். ஏ4இன் உயரம் 297 மில்லிமீட்டர். 48 வரி வைத்தால் 720 பொயின்ட், அதாவது சரியாக 254 மில்லிமீட்டர். மீதி 43. மேலே 20, கீழே 23 என்று பிரித்தால் பக்க எண்ணுக்கும் இடம் இருக்கும். அகலத்தில் இரு பக்கமும் 18, நடுவில் 6 விட்டால் ஒவ்வொரு பத்தியும் 84 மில்லிமீட்டர். கடைசி வரி மார்ஜினில் பொருந்தி முடியும், அடியில் அரை வரி தொங்காது.

எழுத்தைத் தெரிவு செய்து பொத்தான் அழுத்துகிற பழக்கத்தை விட்டுவிட்டு, கட்டுரை உடம்புக்கு ஒரு பரகிராப் ஸ்டைல் (பந்தியின் அமைப்புகளை ஒரே பெயரில் சேர்த்து வைப்பது) செய்யுங்கள். 'அலைன் டு கிரிட்: ஓல் லைன்ஸ்' என்பதை அதில் வையுங்கள். அதே ஸ்டைலில் ஜஸ்டிபிகேஷன் பகுதிக்குப் போய் வேர்ல்ட்-ரெடி கம்போசர் இருக்கிறதா என்றும் பாருங்கள். யுனிகோடுத் தமிழுக்கும் சிங்களத்துக்கும் அது கட்டாயம். இல்லாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும்.

உபதலைப்புதான் உங்கள் பத்தியைக் குலைத்த ஆள். அதைக் கிரிட்டில் ஒட்ட வேண்டாம், சும்மா விடுங்கள். மேலே 10, தன்னுடைய லீடிங் 15, கீழே 5 என்று கொடுங்கள். கூட்டினால் 30, இரண்டு வரி. உபதலைப்பு தனக்குக் கீழே உள்ள பந்தியோடு ஒட்டி நிற்கும், அடுத்த உடம்பு வரி திரும்பவும் கோட்டில் வந்து நிற்கும். பெரிய தலைப்புக்கு 30 லீடிங். கூட்டுத்தொகை 15இன் மடங்காக இருந்தால் போதும், உள்ளே எப்படிப் பிரித்தாலும் சரி.

ஈய எழுத்துக் கோர்த்த காலத்தில் கிரிட் என்று ஒருவரும் பேசவில்லை, ஆனால் வரி விலகாது. 12 பொயின்ட் எழுத்துக்கு நடுவே 2 பொயின்ட் ஈயத் தகடு, எல்லா வரிக்கும் அதேதான். தலைப்புக்கு மேலும் கீழும் கட்டைகளை வைத்து இரண்டு பத்தியையும் சம உயரமாக்காவிட்டால் சட்டத்தில் இறுக்கவே முடியாது, தூக்கும்போது எழுத்து கொட்டிவிடும். கொம்பியூட்டர் எதையும் கொட்டுவதில்லை, அதனால்தான் ஆட்கள் கவனிக்காமல் விடுகிறார்கள்.


பேராதனைப் பொடியன்:

அண்ணன் சொன்ன கணக்கு சரி. ஆனால் ஒரு பாடசாலை மலருக்கு இவ்வளவு தேவையா என்று எனக்குத் தெரியவில்லை. மலரைக் கையில் எடுக்கிற பெற்றோர் முதலில் தேடுவது தன் பிள்ளையின் படத்தைத்தான். படப் பக்கங்களுக்கு லேஅவுட் மெனுவில் 'கிரியேட் கைட்ஸ்' போட்டு, மூன்று நிரல், நான்கு வரிசை என்று பிரித்துக்கொண்டால் அழகாக வரும். சின்னப் பிள்ளைகளின் கவிதைப் பக்கங்களைக் கிரிட்டில் கட்டிப் போடாதீர்கள். நாலு வரிக் கவிதை பக்கத்தில் எங்கே நிற்க விரும்புகிறதோ அங்கே நிற்கட்டும்.


ஊவா வாசி:

பண்டாரவளைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இன்டிசைனுக்குச் சந்தா கட்ட வழியில்லாதவர்களுக்காக ஒரு குறிப்பு. இதே வேலையை ஸ்கிரைபஸில் காசில்லாமல் செய்யலாம். 1.4ஐ வைத்துக்கொண்டு தமிழ் உடைகிறது என்று திட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2024 தொடக்கத்தில் வந்த 1.6 தமிழையும் சிங்களத்தையும் ஒழுங்காகக் காட்டுகிறது.

பைல் மெனுவில் டொக்யுமென்ட் செட்டப், அதில் கைட்ஸ். பேஸ்லைன் கிரிட்டின் இடைவெளியும் தொடக்கமும் அங்கே இருக்கின்றன. ஸ்டைலில் வரி இடைவெளிக்கு மூன்று வகை வரும்: பிக்ஸ்ட், ஓட்டோமெட்டிக், அலைன் டு பேஸ்லைன் கிரிட். மூன்றாவதைத் தெரிவு செய்தால் இடைவெளி எண்ணைத் தனியாகக் கொடுக்கத் தேவையில்லை, கிரிட்டே தீர்மானிக்கும். நாங்கள் கோயில் தேர்த் திருவிழா மலரை இதில்தான் செய்தோம். உபயகாரர் பட்டியல் ஒன்றுக்காகவே இந்தக் கிரிட்டுக்குக் கோடி நன்றி சொல்லலாம்: இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் தொகை, இரண்டும் வேறு வேறு பெட்டி, ஒரு வரி பிசகினால் ஒருவர் கொடுத்த காசு இன்னொருவர் பெயருக்குப் போய்விடும்.


மஸ்கெலியா டீச்சர்:

டிக்கோயா அண்ணன், கோடி நன்றி. 12ஐ 15 ஆக்கியதும் எல்லாம் அடங்கிவிட்டது. இப்போது 51 பக்கத்தில் நிற்கிறது. வாழ்த்துச் செய்திகளை இரண்டிரண்டாக ஒரே பக்கத்தில் போட்டால் 48க்குள் வந்துவிடும். அதிபரிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை!

பொடியன் தம்பி, கவிதைப் பக்கங்களில் கிரிட்டை எடுத்துவிட்டேன், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி மலையகத் தோட்டத் தொழிற்சங்க முன்னோடிகளான கோ. நடேசய்யரும் அவர் மனைவி மீனாட்சி அம்மையாரும் பற்றி நான்கு பக்கக் கட்டுரை எழுதியிருக்கிறாள். நடுநடுவே அம்மையாரின் பாட்டு வரிகள் வருகின்றன. பாட்டுக்கு மேலும் கீழும் கொஞ்சம் இடம் விட்டால் பாட்டு ஒரு முழு வரி கீழே குதிக்கிறது. இன்னும் சில சந்தேகங்கள்: ஒரு பக்கத்தில் மட்டும் வலது பத்தி ஒரு வரி கீழே தொடங்குகிறது, பெட்டிகள் இரண்டும் ஒரே உயரத்தில்தான் இருக்கின்றன. படக் குறிப்புகளை 9 பொயின்டில் வைத்தால் கிரிட் அவற்றை அகட்டிவிடுகிறது. முழுப் பக்கத்தையும் பார்க்கும்போது கிரிட் கோடுகள் மறைந்துவிடுகின்றன. இந்தக் கோடுகள் அச்சிலும் விழுமா?


டிக்கோயா அச்சுக்காரர்:

வலது பத்தி கீழே இறங்கியது டெக்ஸ்ட் பிரேமின், அதாவது எழுத்துப் பெட்டியின், வேலை. அந்தப் பத்தி பாமினியிலிருந்து மாற்றிய கட்டுரையாக இருந்து, வேறு எழுத்துரு ஒட்டிக்கொண்டிருந்தாலும் இருக்கும். முதல் வரி எவ்வளவு கீழே நிற்க வேண்டும் என்பதை இன்டிசைன் இயல்பாக எழுத்துருவின் 'அசென்ட்' (எழுத்து மேலே ஏறுகிற உயரம்) அளவை வைத்துத் தீர்மானிக்கும். அந்த அளவு எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும். முதல் கோட்டில் இடம் போதவில்லை என்று அதற்குப் பட்டால் இரண்டாவது கோட்டுக்குப் போய்விடும். பெட்டியைத் தெரிவு செய்து, ஒப்ஜெக்ட் மெனுவில் டெக்ஸ்ட் பிரேம் ஒப்ஷன்ஸ், அதில் பேஸ்லைன் ஒப்ஷன்ஸ். 'ஒப்செட்' என்ற இடத்தில் அசென்டை எடுத்துவிட்டு 'லீடிங்' என்று வையுங்கள். எல்லாப் பெட்டிக்கும் அப்படியே. அதன்பின் எந்த எழுத்துரு வந்தாலும் முதல் வரி 15இல் நிற்கும்.

பாட்டு வரிகளுக்கு ஒரு வழி இருக்கிறது, எனக்குப் பிடித்த வழி. பாட்டுக்குத் தனி ஸ்டைல் செய்து, அதைக் கிரிட்டில் ஒட்டாமல், லீடிங்கை மட்டும் அதே 15 வையுங்கள். முதல் வரிக்கு மேலே 7.5, கடைசி வரிக்குக் கீழே 7.5. பாட்டு முழுவதும் பக்கத்துப் பத்தியின் வரிகளுக்கு நடுநடுவே மிதக்கும், கட்டுரை தொடர்கிற இடத்தில் கோட்டுக்குத் திரும்பிவிடும். பாட்டு வேறு, உரை வேறு என்பது சாய்வெழுத்துப் போடாமலே தெரியும். தமிழைச் சாய்த்துப் போடுவது எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை, கண்ணுக்கு விழுந்து கிடக்கிற மாதிரி இருக்கும்.

படக் குறிப்பு 9 பொயின்ட் என்றால் லீடிங் 12, கிரிட் வேண்டாம். 12ஐ ஐந்தால் பெருக்கினாலும் 60, 15ஐ நாலால் பெருக்கினாலும் 60. குறிப்பு நீண்டால் அந்தக் கணக்கில் சேர்ந்துகொள்ளும், இரண்டு வரிக் குறிப்புக்கு அதுவும் தேவையில்லை. படத்தின் கீழ் விளிம்பை ஒரு கோட்டில் நிறுத்துங்கள். வியூ மெனுவில் 'ஸ்னாப் டு கைட்ஸ்' போட்டிருந்தால், கோடுகள் தெரிகிற நேரத்தில் படப் பெட்டி தானே போய் ஒட்டிக்கொள்ளும். மேல் விளிம்பை மட்டும் கோட்டில் வைக்காதீர்கள். பக்கத்துப் பத்தியில் இருக்கிற 'க'வின் தலைக்கு நேராக வையுங்கள், கண் பார்ப்பது அதைத்தான். இதைக் கண்ணளவாகச் செய்தால் போதும்.

பொடியன் தம்பி கேட்டது நியாயமான கேள்வி. படப் பக்கத்துக்கும் கவிதைக்கும் கிரிட் தேவையில்லை, நானும் போடுவதில்லை. ஆனால் கட்டுரைப் பக்கத்தில் அழகை விடப் பெரிய காரணம் கடதாசி. 2022இல் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளிப்போட்டார்கள், நினைவிருக்கும். அதற்கப்புறம் விலை ஏறிய ஏற்றத்தில் பாடசாலை மலருக்கு 80 கிராம் தாள் கேட்கவே ஆட்கள் யோசிக்கிறார்கள், 70 கிராமில்தான் அடிக்கிறார்கள். மெல்லிய தாளில் பின்பக்கத்து எழுத்து இந்தப் பக்கம் நிழலாகத் தெரியும். இரண்டு பக்கமும் ஒரே கிரிட்டில் இருந்தால் அந்த நிழல் வரிக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்ளும். இல்லாவிட்டால் இரண்டு வரிக்கு நடுவே இருக்கிற வெள்ளையில் வந்து விழுந்து, பக்கம் முழுக்கச் சாம்பல் பூசின மாதிரி ஆகிவிடும். ஒரு தாளை இரண்டு பக்கமும் லேசரில் அடித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பனி மூட்டமான நாளில் வேண்டாம், ஒன்றும் தெரியாது.

சிங்களச் செய்தியை 10இல் வைத்து அதே 15இல் விடுங்கள். சிங்களத்திலும் மேலும் கீழும் குறி உண்டு, தமிழின் இடைவெளி அதற்கும் பொருந்தும். ஆங்கிலம் 10 பொயின்டில் 15 இடைவெளிக்குள் நின்றால் மெலிந்துபோய்த் தெரியும், 11 ஆக்குங்கள். நோட்டோ தமிழ் 10.5க்குப் பக்கத்தில் ஆங்கிலம் 11 சமமாகவே இருக்கும்.

கோடுகள் மறைவதற்குக் காரணம், 75 வீதத்துக்குக் கீழே சுருக்கிப் பார்த்தால் காட்டாதே என்று இயல்பாகவே வைத்திருக்கிறார்கள். நீங்கள் 15 கொடுத்த அதே இடத்தில் 'வியூ த்ரெஷோல்ட்' என்று இருக்கும், 40 ஆக்கிவிடுங்கள். அச்சில் கோடு விழாது. பிடிஎப்பில் 'விசிபிள் கைட்ஸ் அண்ட் கிரிட்ஸ்' என்று ஒரு டிக் இருக்கிறது, அதை மட்டும் போடாமல் அனுப்புங்கள்.